வாத்து சீசன் தேதி எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் பறவை வேட்டைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பறவை வேட்டைக்குக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது "சீசன் எப்போது?" என்பதுதான். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. எந்தப் பறவை, எந்த மாநிலம், அந்த மாநிலத்துக்குள் எந்த மண்டலம், இது மூன்றும் தெரிந்தால்தான் தேதி சொல்ல முடியும். மாநில வனவுயிர்த் துறை ஆண்டுதோறும் கோடையின் கடைசியில் ஒரு கையேடு போடும். அதைத் திறந்தால் தேதி அட்டவணைகள், நட்சத்திரக் குறிகள், பொடி எழுத்து அடிக்குறிப்புகள். அட்டவணையை மனப்பாடம் செய்து பயனில்லை, அடுத்த ஆண்டு மாறிவிடும். யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்த ஆண்டு அட்டவணையும் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலசை போகும் பறவைகளை வேட்டையாட அமெரிக்கச் சட்டப்படி எப்போதும் தடைதான். ஒவ்வோர் ஆண்டும் மத்திய அரசு விதி போட்டு அந்தத் தடையைக் கொஞ்ச நாளுக்குத் திறந்துவிடுகிறது. அந்தத் திறப்புக்குப் பெயர்தான் சீசன். அந்த ஆண்டு விதி வெளியாகவில்லை என்றால் சீசனே கிடையாது. ஆகவே கையேட்டில் தடை என்று எழுதியிருக்கிறதா என்று தேடாதீர்கள். அனுமதி என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 1: உங்கள் பறவை யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

வாத்து, கூஸ், அன்னம், சாண்ட்ஹில் கிரேன், நாமக்கோழி, உள்ளான், உட்காக், மோர்னிங் டவ் போன்ற புறாக்கள், எல்லாமே வலசைப் பறவைகள். இவற்றுக்கு மத்திய அரசின் மீன் மற்றும் வனவுயிர்ச் சேவைத் துறை எல்லை போடும். அந்த எல்லைக்குள் மாநிலம் தேதி குறிக்கும். ஃபெசன்ட், காடை, க்ரௌஸ், கவுதாரி வகைகள், காட்டு வான்கோழி ஆகியவை பிறந்த வட்டாரத்திலேயே வாழ்கிறவை. இவை முழுக்க மாநிலத்தின் கையில்.

மூன்றாவதாக ஒரு சில்லறைக் கூட்டமும் உண்டு. வெளியிலிருந்து வந்து பரவிய யூரேசியன் காலர்டு டவ், ஊர்ப் புறா, ஸ்டார்லிங் போன்றவற்றுக்கு மத்திய சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. டெக்சாஸில் காலர்டு டவ்வுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஆனால் வானத்தில் பறக்கும்போது அதையும் மோர்னிங் டவ்வையும் பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். புதியவர்கள் எல்லாவற்றையும் வரம்புக்குள் எண்ணிக்கொள்வதே பத்திரம்.

மத்திய அரசு இதில் எப்படி நுழைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காகப் பறவைகளைக் கொத்துக் கொத்தாகச் சுட்டுத் தள்ளினார்கள். கோடிக்கணக்கில் இருந்த பாசஞ்சர் பிஜன் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் இறந்தது. 1916இல் கனடாவுக்காக பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம். அதை நிறைவேற்ற 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம். பறவைகள் எங்களுடையவை என்று மிசூரி மாநிலம் வழக்குப் போட்டது. 1920இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பின்னர் மெக்சிகோ, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகியவற்றோடும் ஒப்பந்தங்கள் வந்தன.

இந்தப் பழங்கதைக்கு இன்றைக்கும் நேரடி விளைவு இருக்கிறது. கனடா ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை சீசன் கூடாது. அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். ஒரு சீசன் மூன்றரை மாதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 107 நாள். பல மாநிலங்களில் புறா சீசன் ஏன் சரியாகச் செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது, மேற்குக் கரையில் வாத்து சீசன் ஏன் 107 நாளோடு நிற்கிறது என்பதற்குப் பதில் நூறாண்டுக்கு முன் எழுதிய அந்தத் தாளில் இருக்கிறது. அலாஸ்காவின் பழங்குடி கிராமங்கள் வசந்த காலத்தில் உணவுக்காக வேட்டையாடுவது மட்டும் இதற்கு விலக்கு. அதற்காக 1990களில் ஒப்பந்தத்தையே திருத்தினார்கள்.

படி 2: ஓராண்டுச் சுற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாத்து சீசன் மே மாதத்தில் பிறக்கிறது. கனடாவின் புல்வெளிப் பகுதி, டகோட்டாக்கள், மொன்டானா, அலாஸ்கா என்று பெரும் பரப்பின் மேல் சிறு விமானங்கள் ஏறத்தாழ 150 அடி உயரத்தில் நேர்கோடாகப் பறக்கும். விமானியே உயிரியலாளர். பறந்துகொண்டே வாத்துகளை இனம் பிரித்து எண்ணுவார். பக்கத்து இருக்கையில் இன்னொருவரும் எண்ணுவார். நீர் நிற்கும் குட்டைகளையும் எண்ணுவார்கள், ஏனென்றால் புல்வெளிக் குட்டைகள் நிறைந்திருந்தால் குஞ்சுகள் அதிகம். மேலிருந்து பார்க்கும்போது தவறிப்போகிற பறவைகளைக் கணக்கில் சேர்க்க, சில பகுதிகளில் தரையில் நடந்தும் எண்ணி ஒப்பிடுவார்கள். 1955 முதல் இதே முறையில் நடக்கும் கணக்கெடுப்பு இது. 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் காரணமாக விமானங்கள் பறக்கவில்லை. அந்த இடைவெளியைப் பழைய தரவுகளிலிருந்து கட்டிய கணித மாதிரிகளை வைத்துச் சமாளித்தார்கள்.

கோடைக் கடைசியில் இதன் அறிக்கை வரும். நாடு நான்கு வலசைப் பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: அட்லாண்டிக், மிசிசிப்பி, சென்ட்ரல், பசிபிக். வேட்டைக்காரர்கள் இவற்றை ஃப்ளைவே என்பார்கள். ஒவ்வொரு ஃப்ளைவேக்கும் மாநிலங்கள் சேர்ந்த ஒரு கவுன்சில் உண்டு. கவுன்சில்கள் கூடிப் பரிந்துரை அனுப்பும். இலையுதிர் காலத்தில் மத்தியத் துறையின் விதிமுறைக் குழு கூடி அவற்றைப் பரிசீலிக்கும். பிறகு முன்மொழிவு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்கிற அரசிதழில் வெளியாகும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அப்புறம் மாநிலங்கள் தேதிகளைத் தேர்ந்து அனுப்ப, இறுதி விதி வரும்.

இதில் புதியவர்களைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. 2016க்கு முன்பு மே மாதம் எண்ணியதை வைத்து அதே ஆண்டு இலையுதிர் சீசனை அவசர அவசரமாக முடிவு செய்தார்கள். இப்போது அப்படி இல்லை. போன ஆண்டு எண்ணியதை வைத்து இந்த ஆண்டு சீசன். இந்த வசந்தத்தில் குட்டைகள் எல்லாம் காய்ந்துவிட்டன என்று கேள்விப்பட்டால் அதன் தாக்கம் அடுத்த ஆண்டு கையேட்டில்தான் தெரியும்.

நல்ல உதாரணம் நீலச்சிறகுக் கிளுவை. எல்லா வாத்துகளுக்கும் முன்பே செப்டம்பரில் தெற்கே இறங்கிவிடுகிற சின்ன வாத்து இது. இதற்கென்று தனியாக ஒரு முன்கூட்டிய சீசன் இருக்கிறது. எண்ணிக்கை 47 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் 16 நாள். அதற்குக் கீழே, 33 லட்சம் வரை, 9 நாள். அதற்கும் கீழே போனால் மூடல். 2024 கணக்கெடுப்பில் 47 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. 2025 செப்டம்பரில் டெக்சாஸ் வேட்டைக்காரர்களுக்கு 9 நாள்தான் கிடைத்தது.

படி 3: "லிபரல்" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாத்து வேட்டைக்காரர்கள் பேசும்போது "இந்த வருஷமும் லிபரல்" என்பார்கள். அரசியல் இல்லை. வாத்து சீசனுக்கு முன்கூட்டியே வகுத்த மூன்று விதித் தொகுப்புகள் உண்டு: தாராளம் (இதுதான் லிபரல்), மிதம், கட்டுப்பாடு. நான்காவது, முழு மூடல். தாராளத் தொகுப்பில் அட்லாண்டிக்கிலும் மிசிசிப்பியிலும் 60 நாள், நாளுக்கு 6 வாத்து. சென்ட்ரலில் 74 நாள், 6 வாத்து (மேற்கே ஹை ப்ளெயின்ஸ் பகுதிக்கு இன்னும் 23 நாள்). பசிபிக்கில் 107 நாள், 7 வாத்து. கட்டுப்பாட்டுத் தொகுப்பில் மிசிசிப்பிக்கு 30 நாள், 3 வாத்துதான். 1988இல் கடும் வறட்சிக்குப் பிறகு சில ஆண்டுகள் அந்தக் கணக்கில்தான் ஓடின. 1997 முதல் தாராளமே தொடர்வதால் இளம் வேட்டைக்காரர்கள் பலருக்கு 30 நாள் சீசன் என்றால் என்னவென்றே தெரியாது.

எந்தத் தொகுப்பு என்று முடிவு செய்கிற முறை 1995இல் வந்தது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதற்கு முன் ஆண்டுதோறும் ஒரே சண்டை: வேட்டையில் சாகும் வாத்துகள், எப்படியும் குளிரிலும் பசியிலும் செத்திருக்கக் கூடியவைதானா, அல்லது அதற்கு மேல் கூடுதல் இழப்பா? நெரிசல் கூடினால் குஞ்சு பொரிப்பது வெகுவாகக் குறையுமா, கொஞ்சமாகவா? விஞ்ஞானிகளிடையே ஒத்த கருத்து இல்லை. முதல் கேள்விக்கு இரண்டு பதில், இரண்டாவதற்கு இரண்டு பதில், ஆக நான்கு கணக்குகள். நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ஒவ்வொன்றும் அடுத்த மே மாதம் எத்தனை மல்லார்டு (பரவலாகக் காணப்படும் ஒரு காட்டு வாத்து இனம்) இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும். விமானம் எண்ணி வந்ததும் எது நெருக்கமாகச் சொன்னதோ அதன் பேச்சுக்கு எடை கூடும், தவறியதற்குக் குறையும். வாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டே முடிவெடுக்கிற முறை. மல்லார்டு எண்ணிக்கை இவ்வளவு, கனடா குட்டைகள் இவ்வளவு என்று அட்டவணையில் வைத்துப் பார்த்தால் எந்தத் தொகுப்பு என்று விடை வந்துவிடும். பேரம் பேசுவதற்கு அதிகம் இடமில்லை.

மல்லார்டை மட்டும் பார்த்து எல்லா வாத்துக்கும் தீர்மானிப்பது நியாயமா என்றால், முழுக்க இல்லை. அதனால்தான் ஊசிவால் வாத்து, கேன்வாஸ்பேக், ஸ்காப் போன்றவற்றுக்குத் தனி வரம்பு. அட்லாண்டிக் ஃப்ளைவே இப்போது பச்சைச்சிறகுக் கிளுவை, உட் டக், ரிங்நெக், கோல்டன்ஐ என்று நான்கு இனங்களை வைத்து முடிவெடுக்கிறது.

படி 4: மாநிலம் என்ன செய்தது என்று பாருங்கள்

மத்திய அரசு கொடுப்பது ஒரு சட்டகம்: அதிகபட்சம் இத்தனை நாள், இந்தத் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது, இந்தத் தேதிக்குப் பின் தொடரக் கூடாது, நாளுக்கு இத்தனை. வழக்கமான வாத்து சீசனுக்கு அந்தச் சட்டகம் செப்டம்பர் 24க்கு அருகில் வரும் சனிக்கிழமையில் தொடங்கி ஜனவரி 31இல் முடியும். மாநிலம் இதற்குள் சுருக்கலாம், இறுக்கலாம். தளர்த்த முடியாது.

60 நாளை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் மாநிலத்தின் வேலை. வடக்கில் நவம்பரில் ஏரிகள் உறைந்துவிடும், தெற்கில் டிசம்பரில்தான் வாத்துகளே வந்து இறங்கும். அதனால் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு தேதி வைப்பார்கள். சீசனை நடுவில் மூடி மறுபடி திறப்பதும் உண்டு, அதற்கு ஸ்பிளிட் என்று பெயர். மண்டலக் கோடுகளை ஆண்டுக்கு ஆண்டு இஷ்டப்படி மாற்ற முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. கோடு பெரும்பாலும் நெடுஞ்சாலை வழியாகப் போகும். சாலைக்கு இந்தப் பக்கம் சீசன், அந்தப் பக்கம் தடை என்பது சாதாரணம். அதனால் வேட்டைக்குப் போகும் நிலம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

டெக்சாஸ் புறா சீசனை வைத்து ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சட்டகம் 90 நாள், நாளுக்கு 15 புறா. வடக்கு, மத்திய மண்டலங்கள் செப்டம்பர் 1 அன்று திறக்கும். தெற்கு மண்டலம் செப்டம்பர் 14இல்தான். ஆனால் அதற்கு முன்பே தெற்கில் வெள்ளைச்சிறகுப் புறாவுக்கென்று சில வார இறுதி நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் மொத்தம் 15தான். ஆனால் அதில் மோர்னிங் டவ் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சிறப்பு நாட்களும் 90க்குள் அடக்கம். பிறகு இலையுதிர் காலத்தில் சீசன் ஒரு இடைவெளி விட்டு டிசம்பரில் மறுபடி திறக்கும், விடுமுறைக் காலத்துக்கு வசதியாக. ஆக ஒரே மாநிலத்தில், ஒரே பறவைக்கு, செப்டம்பர் முதல் வாரத்தில் மூன்று விதமான பதில்கள்.

இதைத் தவிர இளையோருக்கான வாத்து வேட்டை நாட்கள், முன்னாள் படைவீரர்களுக்கான நாட்கள் தனி. பழங்குடி நிலங்களில் பழங்குடி அரசுகளின் சீசன் வேறாக இருக்கலாம். வனவுயிர்ப் புகலிடங்களில் மாநிலத் தேதிக்கு மேல் தனி விதிகள் இருக்கும். வாசலில் உள்ள துண்டறிக்கையையும் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

கையேட்டில் ஸ்னோ கூஸ் பக்கத்தில் "கன்சர்வேஷன் ஆர்டர்" என்று ஒன்று தென்படும். அது சீசனே இல்லை. இந்தப் பறவைகள் அளவுக்கு மீறிப் பெருகி ஆர்க்டிக் புல்வெளியை வேரோடு தின்று அழிக்கின்றன என்பதால் 1999இல் கொண்டுவந்த தனி ஏற்பாடு. மற்ற நீர்ப்பறவை சீசன்கள் முடிந்த பிறகு, வழக்கமாகத் தடை செய்யப்பட்ட மின்னணு ஒலிக் கருவியைக்கூட அனுமதிக்கும். அந்தச் சலுகைகளை வழக்கமான சீசனில் பயன்படுத்தினால் அபராதம்.

படி 5: ஃபெசன்ட், காடை, வான்கோழி என்றால்

இங்கே கதை எளிது. மாநில உயிரியலாளர்கள் பரிந்துரைப்பார்கள், மாநில ஆணையம் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யும். எண்ணும் முறைகள் சுவையானவை. மினசோட்டாவில் வசந்த காலத்தில் சாலையோரம் நின்று ஆண் க்ரௌஸ் சிறகடித்து எழுப்பும் முரசொலியை எண்ணுவார்கள். அயோவாவில் ஆகஸ்ட் காலைப் பனியில் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு, சாலையோரம் உலர வரும் ஃபெசன்ட் குஞ்சுகளை எண்ணுவார்கள்.

ஃபெசன்ட் சேவலை மட்டும் சுடலாம் என்பது பரவலான விதி. ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும் என்பதால் சேவல்கள் குறைந்தாலும் அடுத்த தலைமுறை பாதிக்காது. தெற்கு டகோட்டாவில் நாளுக்கு 3 சேவல். வான்கோழி வசந்த சீசனும் அதே தர்க்கம்தான்: தாடி வளர்ந்த பறவை மட்டும், அதுவும் பெட்டைகள் பெரும்பாலும் இணைசேர்ந்த பிறகு. காடை எண்ணிக்கை மழையைப் பொறுத்து ஏறி இறங்குவதால் டெக்சாஸ் அதன் பின்னால் ஓடுவதில்லை. நல்ல ஆண்டோ கெட்ட ஆண்டோ நாளுக்கு 15 என்ற வரம்பை அப்படியே வைத்திருக்கிறது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

உட்காக் மட்டும் ஏமாற்றும். க்ரௌஸ் வாழும் காட்டிலேயே இருக்கும், ஆனால் வலசைப் பறவை. மத்திய விதிப்படி 45 நாள், நாளுக்கு 3.

படி 6: காகிதங்கள்

முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கட்டாயம். டெக்சாஸில் அது 1971 செப்டம்பர் 2. பிறகு மாநில லைசென்ஸ், அதன்மேல் பறவைக்கேற்ற கூடுதல் முத்திரை.

வாத்து, கூஸ் சுட 16 வயது நிரம்பியவர்கள் மத்திய டக் ஸ்டாம்ப் வாங்க வேண்டும். 25 டாலர், ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை செல்லும். காகித ஸ்டாம்பு என்றால் அதன் முகத்தில் மையால் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் செல்லாது. இப்போது மின்னணு ஸ்டாம்பும் சீசன் முழுக்கச் செல்லும். 1934இல் ஒரு டாலருக்குத் தொடங்கிய இந்த ஸ்டாம்பின் பணம் ஏறத்தாழ முழுவதும் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. புறாவுக்கு இது தேவையில்லை.

அடுத்து ஹிப் (HIP) என்கிற வேட்டைத் தகவல் திட்டத்தில் பதிவு. வலசைப் பறவை எதைச் சுடுவதானாலும், எந்த மாநிலத்தில் வேட்டையாடுகிறீர்களோ அந்த மாநிலத்தில் தனியாகப் பதிய வேண்டும். போன ஆண்டு எத்தனை வாத்து, எத்தனை புறா என்று சில கேள்விகள் கேட்பார்கள். இந்தப் பதில்களை வைத்து யாருக்கு விரிவான கேள்வித்தாள் அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கிறார்கள். கடையில் லைசென்ஸ் வாங்கினால் விற்பனையாளர் கேட்காமலே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தட்டிவிடுவது உண்டு. நிறுத்தி, சரியாகச் சொல்லுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. முறைப்படி பெற்ற வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே லைசென்ஸ் வாங்கிவிடுங்கள், மாநிலச் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வரம்பை எப்படி எண்ணுவது

"நாளுக்கு 6 வாத்து" என்றால் எந்த 6 வேண்டுமானாலும் என்று அர்த்தமில்லை. அந்த ஆறுக்குள் மல்லார்டு இத்தனை, அதிலும் பெட்டை இத்தனை, கேன்வாஸ்பேக் இத்தனை என்று உள்வரம்புகள் இருக்கும். இவை மாறும். ஊசிவால் பல ஆண்டுகள் நாளுக்கு ஒன்றுதான். 2025-26 சீசனில் மூன்றாக்கினார்கள். போன ஆண்டு நினைவை நம்பாதீர்கள்.

விடியலின் அரை வெளிச்சத்தில் வருவது எந்த வாத்து, ஆணா பெட்டையா என்று தெரியவில்லை என்றால் சுடாதீர்கள். முதல் சீசனில் பாதி வாய்ப்புகளை இப்படி விட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

கைவசம் வைத்திருக்கும் வரம்பு பொதுவாக நாள் வரம்பைப் போல மூன்று மடங்கு. முதல் நாளில் அது ஒரு நாள் வரம்புதான் என்பதை மறக்காதீர்கள். நண்பருக்காக அவர் கணக்கில் நீங்கள் சுடக் கூடாது. மூன்று பேர் சுட்டதை ஒரே குவியலாகப் போட்டுவைத்தால் யாருடையது எது என்று வார்டனிடம் (வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரி) நிரூபிக்க முடியாது, ஆளுக்கொரு கயிற்றில் தனித்தனியாகக் கோர்த்துவையுங்கள்.

படி 8: களத்தில்

வலசைப் பறவைக்கு நேரம் பொதுவாகச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறையும் வரை. கைபேசி காட்டும் ஊர் நேரத்தை விடக் கையேட்டு அட்டவணையை நம்புங்கள். ஷாட்கன் மட்டுமே, அதன் குழல் 10 கேஜ் அளவை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏறாதபடி உள்ளே அடைப்பான் இருக்க வேண்டும். வாத்துக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்குமே ஈயம் கூடாது. சட்டைப்பையில் போன வாரப் புறா வேட்டையின் ஈயத் தோட்டா ஒன்று தங்கியிருந்தாலும் வாத்து வேட்டையில் அது குற்றம்தான். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை ஈர்ப்பது 1935 முதல் தடை. பொம்மை வாத்து வைக்கலாம்.

நல்லவர்கள்கூட மாட்டிக்கொள்வது தீவன விதியில். வலசைப் பறவைகளை ஈர்க்கச் சோளமோ கோதுமையோ உப்போ கொட்டிய இடத்தில் வேட்டையாடக் கூடாது. கொட்டியதை முழுக்க அகற்றிய பிறகும் பத்து நாள் வரை அந்த இடம் தீவனமிட்ட இடமாகவே கருதப்படும். நீங்கள்தான் கொட்டினீர்களா என்பது கேள்வியில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தாலோ, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலோ போதும்.

வயல்களில்தான் இது நுணுக்கமாகும். அதே நிலத்தில் விளைந்த சூரியகாந்தியையோ தினையையோ சீசனுக்கு முன் வெட்டிச் சாய்த்து, தானியம் தரையில் சிதறிக் கிடந்தால், அங்கே புறா வேட்டை சரி. அதே வயலில் வாத்து வேட்டை தவறு. வாத்துக்கு, வழக்கமான விவசாய அறுவடையில் சிந்தியதாக இருக்க வேண்டும், அல்லது வெட்டாமல் நிற்கும் பயிராக இருக்க வேண்டும். நிற்கும் சோளத்துக்குள் தண்ணீர் விட்டு வாத்து வேட்டையாடுவது சட்டப்படி சரி. அதை மிதித்துச் சாய்த்தால் தவறு. எனக்குக்கூட இது கொஞ்சம் முடிச்சாகத்தான் படுகிறது, ஆனால் விதி இதுதான். நிலத்துக்காரரிடம் நேராகக் கேளுங்கள், வெளிச்சம் இருக்கும்போது இடத்தை நடந்து பாருங்கள். இயற்கையில் அங்கே இருக்கக் காரணமில்லாத தானியம் கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் சிறு குற்றத்துக்கே 15,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதச் சிறையும் உண்டு. சுட்ட பறவையை விற்றால் அது பெருங்குற்றம்.

படி 9: சுட்ட பிறகு

அடிபட்ட பறவையைத் தேடி எடுக்க உண்மையாக முயல வேண்டும், அது சட்டம். வீடு சேரும் வரை வாத்தின் தலையையோ முழு இறகோடு ஒரு சிறகையோ உடலோடு விட்டுவையுங்கள். என்ன இனம் என்று வார்டன் பார்க்க அதுதான் வழி. புறாவுக்கு இந்த விதி இல்லை. பறவைகளை வேறொருவர் வசம் விட்டுச் செல்வதானால் உங்கள் கையெழுத்து, முகவரி, எண்ணிக்கை, இனம், சுட்ட தேதி எழுதிய சீட்டைக் கட்டுங்கள்.

காலில் உலோக வளையம் இருந்தால் அதன் எண்ணை அமெரிக்கப் பறவை வளைய ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள். எங்கே, எப்போது வளையம் போட்டது என்று பதில் வரும், வளையம் உங்களுக்கே. சீசன் நடுவே உங்களுக்கு உறைகள் வந்தால் சுட்ட வாத்துகளின் சிறகை அதில் போட்டு அனுப்ப வேண்டும், தபால் செலவு அவர்களுடையது. உயிரியலாளர்கள் கூடி உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சிறகுகளைப் பார்த்து இனம், வயது, ஆணா பெண்ணா என்று பிரிப்பார்கள். அந்த ஆண்டுக் குஞ்சுகள் எத்தனை பங்கு என்பது இதிலிருந்தும் தெரிகிறது.

தேதி பிடிக்கவில்லை, வரம்பு தவறு என்று தோன்றினால் இரண்டு வாசல்கள் உண்டு. நாட்களின் எண்ணிக்கையும் தினசரி வரம்பும் மத்திய அரசின் விஷயம். ஃபெடரல் ரெஜிஸ்டரில் முன்மொழிவு வெளியாகும்போது இணையத்தில் எழுதலாம். எந்த வாரம் திறப்பது, மண்டலக் கோடு எங்கே போவது என்பது மாநில ஆணையத்தின் விஷயம். அவர்கள் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம், மின்னஞ்சலும் அனுப்பலாம். சீசன் திறக்கும் வாரத்தில் எழுதினால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. இரண்டு வேலையும் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் நடக்கிறது. எழுதும்போது உங்கள் கவுண்டியைக் குறிப்பிட்டு, எந்த வாரத்தில் பறவைகள் வந்தன, எப்போது நீர் உறைந்தது என்று பார்த்ததைச் சொல்லுங்கள்.